தூணோரத் துளை

ஒப்பந்தக்காரர் ஏணியின் மேல்படியில் நின்று கைவிளக்கை இரும்பு உத்தரத்தின் மீது சாய்த்துப் பிடித்தார். புதிதாகப் பூசிய சாம்பல்நிறப் பெயிண்ட் தூணுக்குப் பக்கத்தில் சரிவான கோடுகளாக உரிந்திருந்தது. கோடுகள், குழாய்க்காக வெட்டிய துளையைச் சுற்றியே ஓடின.

வரைபடத்தில் அந்தத் துளை உத்தரத்தின் நடுவில் இருந்தது. வரைந்தவள் அவர் மருமகள். பலகைகூட நடுவில்தான் முறியும் என்பது சின்ன வயதிலிருந்தே அவருக்குத் தெரியும். அவளிடம் கேட்காமல் தூணோரமாக வெட்டச் சொன்னார். வீட்டுப் பெண்ணின் பிழையை வெளியே தெரியாமல் மூடிவிட்ட நிறைவு அன்று இருந்தது.

மேலே அச்சகம். காலையிலிருந்து காகித உருளைகள் ஏறிக்கொண்டிருந்தன.

மருமகள் கீழே ஏணியைப் பிடித்திருந்தாள். "ஓட்டை ஏன் மாமா இங்க வந்துச்சு?"

"நான்தாம்மா மாத்தினேன். நடுவுலதானே வளையும்."

"வளையறத மேல கீழ இருக்கற பட்டை தாங்கிக்கும். ஓரத்துல பாரம் பூரா இந்த நடுத்தகடு வழியாத்தான் தூணுக்கு இறங்கணும். அதுல வெட்டு விழுந்தா கத்தரிச்ச மாதிரி போயிடும் மாமா. சொல்லிட்டுப் போகாது."

அவர் இறங்கினார்.

"முட்டுக் கொடுக்கற வரைக்கும் மேல ஆள் இருக்கக் கூடாது," என்றாள். பிறகு, தரையைப் பார்த்தபடி, "நான் போய்ச் சொல்றேன். வரைஞ்சதுல தப்பு ஆயிடுச்சுன்னு."

அவர் அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் இரக்கம் இல்லை, அவசரம்தான் இருந்தது.

"வேணாம்மா. வெட்டச் சொன்னது நான்."

மேலே போய் அதையே சொன்னார். அச்சகக்காரர் இயந்திரங்களை நிறுத்தச் சொல்லிக் கையசைத்தார். "என்ன தலைவரே, உங்க பீமுக்கே பயந்துட்டீங்களா?" என்றான் உருளை தள்ளுகிறவன். யாரும் சிரிக்கவில்லை. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆட்கள் சுவரோரமாக நடந்து படியிறங்கினார்கள்.

"மாமா, நீங்களும் வாங்க!" கீழேயிருந்து குரல் வந்தது.

கடைசி ஆள் இறங்கும்வரை அவர் வாசலில் நின்றார். உருளை அடுக்கின் மேல் யாரோ விட்டுப்போன தேநீர் இருந்தது. எந்த இயந்திரமும் ஓடவில்லை. தேநீர் நடுங்கிக்கொண்டிருந்தது.