ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனர்

லிஃப்ட் மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பேனரைத் தொடமாட்டார். ஓய்வுநாள் என்றால் ஓய்வுநாள்தான். சனிக்கிழமையே கருவிப்பையைப் பூட்டி, சாவியை மனைவியிடம் கொடுத்துவிடுவார். அந்த ஞாயிறு காலை வெள்ளைச் சட்டையும் வேதாகமமுமாக இருவரும் ஆராதனைக்குக் கிளம்பினால், அவர்கள் குடியிருந்த கட்டடத்து லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோயிருந்தது. உள்ளே மேல்வீட்டுத் தையற்காரி.

"வெளிய யாராவது இருக்கீங்களா?"

"நான்தாம்மா, மெக்கானிக்."

உள்ளிருந்து கலகலவென்று சிரிப்பு. "ஐயோ, அண்ணனா! ஞாயித்துக்கிழமை ஊசியத் தொட்டாலே பாவம்னு போன வாரம் என்கிட்ட அந்தக் குதி குதிச்சீங்களே! நீங்க கோயிலுக்குப் போங்கண்ணே. நான் நாளைக்கு வரைக்கும் இங்கயே இருக்கேன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன, லேசா மூச்சுதான் முட்டுது" என்றாள் தையற்காரி. சிரிப்பு பாதியில் நின்றது.

வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. "பையக் கொண்டா!" என்று அவர் கத்தும் முன்பே மனைவி சாவியோடு வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

கதவை நெம்பித் திறந்ததும் தையற்காரி அவர் தோளில் கால்வைத்து இறங்கினாள். வெள்ளைச் சட்டையில் செருப்புத் தடம், கையெல்லாம் கிரீஸ். மூவரும் படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஆராதனை முடிந்தபின் அதே கோலத்தில் போய் நின்றவரைப் போதகர் வாசலிலேயே மடக்கினார். "என்ன, இன்னைக்குக் கோயில்ல ஆளையே காணோம்?"

"கோயில்லதான் ஐயா இருந்தேன். ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல."