இறுகிய தாடை

விஸ்வநத்தத்தின் தென்புறத்தில் உள்ள அந்தப் பட்டாசு ஆலையில், காகிதக் குழாய்களில் வெடிமருந்து செலுத்தும் வேலை காலை ஏழு மணிக்கே தொடங்கியிருந்தது. விதிப்படி அறைக்குள் நால்வர் மட்டும் அமர்ந்திருந்தனர். வாசலருகே இருந்த முருகம்மாள், வெளியே சென்று திரும்பிய ஒவ்வொருத்தியும், உடலில் ஏறிய நிலைமின்சாரம் இறங்க, செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு நுழைகிறாளா என்று கவனித்தாள். சிந்திய தூளைத் துணியால் மெல்ல ஒற்றி எடுத்தாள். அவளுடைய கைகள் எவ்வளவு மென்மையாக இயங்கினவோ, அவ்வளவு இறுக்கமாக அவளுடைய பற்கள் ஒன்றையொன்று கவ்வியிருந்தன. அதை அவள் அறியவில்லை.

அவள் அறிந்தது வலியை மட்டுமே. இடக்காதின் கீழே தொடங்கிக் கன்னத்தின் வழியாக நெற்றிப்பொட்டு வரை அது ஏறும். இரண்டாண்டுகளில் மூன்று பற்களைப் பிடுங்கியும் வலி அகலவில்லை. நான்காவதையும் பிடுங்கப் போவதாக அவள் கூறியபோது, உடன் வேலை செய்யும் ரோஜா சிரித்தாள்.

"எல்லாத்தையும் பிடுங்கிட்டு வாங்கக்கா. அப்புறம் எங்கள எப்படி வைவீகன்னு பாப்போம்."

ஆனால் விருதுநகர் மருத்துவமனையில் பல் மருத்துவர் பிடுங்க மறுத்து, மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார். முருகம்மாள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியேறினாள். செவிலியர் கனகமணி படிக்கட்டில் அவளை நிறுத்தினார்.

"எனக்கென்ன பைத்தியமா சிஸ்டர்? நெசமாவே வலிக்குது."

"வலி நெசந்தாம்மா. யாரு இல்லன்னா? வந்து கேட்டுட்டுப் போங்க."

மனநல மருத்துவர் அவளுடைய அன்றாட வாழ்வைப் பற்றிக் கேட்டார். தங்கை முத்துமாரியம்மாள் ஆறாண்டுகளுக்கு முன் வேறோர் ஆலையில் வெந்து இறந்ததையும், அன்றிலிருந்து பிறர் கையைத் தான் நம்புவதில்லை என்பதையும், அணைத்த அடுப்பை மூன்று முறை திரும்பிச் சென்று பார்ப்பதையும் அவள் கூறினாள். எவர் பிழையையும் தம் பிழையாகக் கருதும் இயல்புடையவர்கள் தம்மை அறியாமலே நாள் முழுதும் தாடையைப் பூட்டி வைக்கிறார்கள் என்றும், ஓய்வற்ற தசையே வலிக்கிறது என்றும் அவர் விளக்கினார். உதடுகள் சேரலாம், பற்கள் சேரலாகாது என்று பழக்கினார். மாத்திரையும் தந்தார், முதல் மூன்று வாரம் உறக்கக் கலக்கம் இருக்கும் என்று எச்சரித்தார்.

மறுநாள் காலை வலி சற்றுத் தணிந்திருந்தது. ஆனால் இமைகள் கனத்தன. மறைத்தால் அறிபவர் எவருமில்லை. சொன்னால் வேலை போகலாம். பேருந்தில் திருத்தங்கலைக் கடக்கும் வரை அவள் அதையே எண்ணிக்கொண்டிருந்தாள். பின்னர் நேரே மேற்பார்வையாளர் ஆண்டிச்சாமியிடம் சென்றாள்.

"அண்ணாச்சி, மாத்திர போட்டுருக்கேன், கண்ணு சொக்குது. மூணு வாரம் வெடிமருந்துல உக்கார மாட்டேன். பெட்டி ஒட்டுத எடத்துல போடுங்க."

அவர் சீட்டை வாங்கிப் பிரிவின் பெயரை இருமுறை வாசித்தார். சீசன் நேரத்தில் இப்படியொருத்தியைப் பெட்டி ஒட்டவும் அனுப்ப இயலாது, மற்றவர்கள் அஞ்சுவார்கள் என்றார். குணமான பின்பு சொல்லியனுப்புவதாகவும் கூறினார். எத்தனை நாளில் என்று அவள் கேட்டபோது, அவர் சீட்டை மடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லாம வந்து உக்காந்துருக்கலாம்ல, முருகம்மா?"

"அங்கன இன்னும் மூணு பேரு இருக்காகல்ல."

அவள் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாயிலில் காவலர் சங்கையா ஒரு கரும்பலகையின் முன் நின்றிருந்தார். 'விபத்தில்லா நாட்கள்' என்ற தலைப்பின் கீழ், முந்தைய நாளின் எண்ணை விரலால் அழித்து, சுண்ணக்கட்டியால் 2,041 என்று எழுதினார். அதன் அடியில், அழியாத வெள்ளைச் சாயத்தில், 'பாதுகாப்புப் பொறுப்பு' என்று ஆண்டிச்சாமியின் பெயர் இருந்தது.