செலாசியா அழுதபோது சுரந்த பால்

செலாசியா அழுதால், பெற்றவளைத் தவிர எங்கள் கடலோர மலாய்க் கம்பத்துப் பெண்கள் எல்லாருக்கும் பால் சுரந்தது. பருவமழை விட்டு, படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கியிருந்த மாதம் அது. கெரோப்போக் அப்பளத்துக்கு மீன் மாவு பிசைந்துகொண்டிருந்தவர்கள் சட்டை முன்புறம் நனைந்து எழுந்தார்கள். பிள்ளை பெற்று ஓய்ந்தவர்களுக்கும் சுரந்தது, கல்யாணமாகாதவர்களுக்கும் சுரந்தது. மத்தி மீன் விலை ஏறினால் எவ்வளவு பேசுவோமோ அவ்வளவுதான் இதைப் பற்றியும் பேசினோம். சட்டைக்குள் பழந்துணியை மடித்து வைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

பெற்றவள் மெக் ஜாராவுக்கு மட்டும் ஒரு சொட்டு இல்லை. முதலில் கொஞ்சம் இருந்தது. மிஸ்ஸி ஸவ்யா சொன்னபடி நடந்ததில் அதுவும் போய்விட்டது. மிஸ்ஸியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சுகாதார நிலையத்தின் ஒரே தாதி அவள், வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து பிரசவம் பார்த்தவள். ஆனால் பட்டணத்தில் படித்ததை ஒரு எழுத்து மாற்றாமல் சொல்வாள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பால், நடுவில் அழுதால் தூக்கக் கூடாது என்று சொல்லிச் சுவரில் ஒரு கடிகாரத்தையும் மாட்டினாள். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தபோது ஸ்பிரிட்டால் துடைக்கச் சொன்னாள். பால் வற்றியதும் டின் பால் கரைத்துக் கொடுக்கச் சொன்னாள். குழந்தை அதைத் துப்பியது, துப்பாத அன்று வயிற்றால் போனது.

தூளி வீட்டின் ஒரு கோடியில் தொங்கியது. மெக் ஜாரா மறு கோடியில், கடிகாரத்துக்கு எதிரே, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கை தன்னையறியாமல் போய்ப் பிள்ளையைத் தூக்கிவிடக் கூடாதே என்றுதான். பிள்ளை பிழைக்க அதுதான் வழியென்று நம்பி அப்படி உட்கார்ந்திருந்தாள்.

நாளாக ஆக அழுகை மெலிந்தது, ஊராருக்குச் சுரந்த பாலும் குறைந்தது. பழந்துணிகள் பாதிதான் நனைந்தன. குழந்தை கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று அதை வைத்துத்தான் எங்களுக்குப் புரிந்தது. பெண்கள் மெக் ஜாராவின் மரக்கால் வீட்டு ஏணியில் ஏறினார்கள்.

பால் கொடுக்க யாருக்கும் தயக்கமில்லை. தடையாக நின்றது மார்க்கம் சொல்லும் பால்குடி உறவு. ஒருத்தியிடம் சில தடவை வயிறாரக் குடித்த குழந்தை அவளுக்கும் பிள்ளை. அவள் பெற்றதெல்லாம் அதற்கு உடன்பிறப்பு, கல்யாணப் பேச்சே கூடாது. எங்கள் கம்பத்திலோ பெண் கொடுப்பதும் எடுப்பதும் நாலு வீடு தள்ளித்தான்.

“ஊர்ப் பயலுக அத்தனை பேருக்கும் தங்கச்சியாயிட்டா, இவளை எவனுக்குக் கட்டிக் குடுக்கிறது?” என்றான் தகப்பன் சேமான்.

“கட்டிக் குடுக்க முதல்ல இவ உசுரோட இருக்கணும்ல? நீங்க போய் வலையைப் பாருங்க,” என்றாள் மெக் ஜாரா. கல்யாணமான நாளிலிருந்து அவள் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டது அன்றுதான்.

வழி சொன்னது காக் லோங். ஆறு பிள்ளை பெற்றவள், ஊருக்கே மூத்த அக்கா. “ஒருத்தி பாலைக் குடிச்சாத்தானே ஒருத்தி அம்மா? எல்லாத்தையும் ஒரே பானையில ஊத்திட்டா, யாரு பாலு எதுன்னு அந்தப் பாலுக்கே தெரியாதுடி!”

அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. பானை வந்தது. கரண்டியில் எடுத்துப் புகட்டினார்கள். குழந்தை துப்பவில்லை.

பானையின் சுத்தத்தைப் பற்றிக் கண்டிக்கத்தான் மிஸ்ஸி வந்தாள். அவள் ஏணியேறும்போது குழந்தை சிணுங்கியது. கல்யாணமாகாத மிஸ்ஸியின் வெள்ளைச் சீருடை கழுத்திலிருந்து இடுப்புவரை நனைந்தது. யாரும் சிரிக்கவில்லை. “பானை அங்க இருக்கு மிஸ்ஸி,” என்றாள் காக் லோங்.

மிஸ்ஸி திரைக்குப் பின்னால் போய், தன் பங்கை ஊற்றிவிட்டு வந்தாள். வந்தவள் கடிகாரத்தைக் கழற்றித் தன் பைக்குள் வைத்தாள். “எனக்கு இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்க மெக். சரியான்னு ஒரு நாளும் நான் கேக்கல. தூக்கு, புள்ளையத் தூக்கு,” என்றாள். மெக் ஜாரா தொடைக்கடியிலிருந்து கைகளை எடுத்தாள். அதன்பின் குழந்தை அவள் வெறும் மார்பை விட்டு இறங்கவில்லை. புண்ணோடு புண்ணாக வாயில் வைத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தாள். அவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

வெளியூர் விருந்துக்குப் போயிருந்த பள்ளிவாசல் தோக் இமாம் திரும்பி வந்து பானைக் கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “கலந்தா யாரு பாலும் இல்லைன்னு எவ சொன்னா? கலந்தா எல்லாரு பாலும்தான்! முன்னாடியே கேக்கக் கூடாதா?”

“நீங்க விருந்து சாப்பிட்டு வர்ற வரைக்கும் புள்ள தாங்குமா தோக்?” என்றாள் காக் லோங். அதற்குள் செலாசியா சட்டப்படி ஊர் மொத்தத்துக்கும் மகளாகியிருந்தாள்.

பிறகு ஒரு காலையில் யாருடைய துணியும் நனையவில்லை. உச்சி வெயில் ஏறியும் நனையவில்லை. மாவுக் கையோடு எல்லாரும் ஓடினார்கள், மிஸ்ஸி முன்னால் ஓடினாள். வாசலில் யாருக்கும் உள்ளே பார்க்கத் தைரியம் வரவில்லை. காக் லோங்தான் எட்டிப் பார்த்தாள். மெக் ஜாராவின் மடியில் செலாசியா மடக் மடக்கென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். பால் அவள் தாடையில் வழிந்து, மூங்கில் தரையின் இடுக்கு வழியாக வீட்டுக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஊர்ப் பூனைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

செலாசியா வளர்ந்தாள். கம்பத்தில் ஒரு பயலும் அவளைப் பார்த்து விசிலடிக்க முடியவில்லை. வேறொரு ஆற்று முகத்துவாரத்துப் படகுத் தச்சன் அவளைக் கட்டினான். கல்யாணத்தன்று எத்தனை மச்சான்கள் என்று கேட்ட மாப்பிள்ளை வீட்டார், படகுகள் வந்துகொண்டே இருந்ததைப் பார்த்து அடுப்பில் இன்னொரு அண்டா ஏற்றினார்கள்.

அடுத்த வருடம், அவளுக்குத் தலைப்பிரசவம் ஆனதாகச் செய்தி வந்த வாரத்தில், கெரோப்போக் கொட்டகையில் எல்லாருடைய சட்டை முன்புறமும் நனைந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று எங்களோடே தங்கிவிட்ட மிஸ்ஸி ஸவ்யா, குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள்.

“அங்க எவளோ கடிகாரம் மாட்டியிருக்கா,” என்றாள்.

மெக் ஜாரா மாவை மூடி வைத்தாள். காக் லோங் பானையை எடுத்துக்கொண்டாள். எல்லாரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.