ஒரு தந்தி, இரண்டு சுருதி

ராய்ஸ் டாக்கெட் அன்று வீட்டிலிருந்து கிளம்பும்போது மனைவி நோரீனிடம் பாதிப் பொய் சொன்னான். "கிடாருக்குப் பழைய காலத்துச் சத்தம் வேணும். செலோ பட்டறைக்குப் போயி பிக்கப் பாத்துட்டு வரேன்" என்றான். தந்திகளுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அவற்றின் அதிர்வைப் பிடிக்கிற அந்தக் காந்தச் சுருள்களை மாற்றப்போவதாக அவன் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அன்றைக்கு அவனைக் கிளப்பியது ஆசை இல்லை, பயம்.

பிப்ரவரியிலிருந்து கிடாரின் தடித்த தந்தி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சும்மா மீட்டினால் சரியாக இருந்தது. உடம்புக்குப் பக்கத்திலிருக்கும் மேல் மெட்டுகளில் விரலை வைத்தால் போதும், ஒரே தந்தி இரண்டு சுருதியில் நடுங்கியது. புதுத் தந்தி போட்டான். சுருதி பார்க்கும் கருவியை வைத்துத் தினமும் நாலு தடவை தந்தியைச் சும்மா மீட்டிச் சரிபார்த்தான். முள் நட்டநடுவில் நின்றது. பாண்டில் கூட வாசிக்கிறவர்களிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தான். அந்த இடிச்சத்தத்தில் யாருக்கு என்ன கேட்டிருக்கும்? "நல்லாத்தானே இருக்கு" என்று தோளைத் தட்டிவிட்டு பீர் வாங்கப் போனார்கள்.

கருவியும் சரி, கூட்டாளிகளும் சரி என்கிறார்கள் என்றால் கெட்டுப்போனது எது? காதுதான்.

ஆயில்டேல் நடன அரங்கில் சனிக்கிழமை தவறாமல் இருபத்தாறு வருஷம், ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டடி முன்னால் நின்று வாசித்தவன் அவன். அவனுக்குத் தெரிந்த டெல்மர் என்ற கிடார்காரனுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு காதில் ஒரு சுருதி, மறு காதில் இன்னொன்று. ஒரே வருஷத்தில் கிடாரை விற்றுவிட்டு இப்போது ஏசி ரிப்பேர் பார்க்கிறான். ராய்ஸ் காது டாக்டரிடம் போனான். சோதித்துப் பார்த்துவிட்டு, "மேல் ஸ்தாயி கொஞ்சம் போயிருக்கு, உங்க தொழில்ல சகஜம்" என்றார் அவர். இரண்டு சுருதி விஷயத்தை ராய்ஸ் வாயைத் திறந்து கேட்கவே இல்லை. மனுஷன் அப்படித்தான், பதிலுக்குப் பயந்து கேள்வியை முழுங்கிவிடுவான்.

பாண்டுத் தலைவருக்கு அனுப்ப ஒரு செய்தியைச் செவ்வாய்க்கிழமையே எழுதி வைத்திருந்தான். "இந்தச் சனிக்கிழமையோட நான் நிறுத்திக்கிறேன். வேற ஆள் பாத்துக்கோங்க." இன்னும் அனுப்பவில்லை. பிக்கப்பை மாற்றிப் பார்ப்போம், அப்போதும் நடுங்கினால் அனுப்பிவிடுவோம் என்று செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

செலோ அர்ரியாகாவின் பட்டறை அவள் வீட்டுக் கார் கொட்டகைதான். ஜூலை மாதத்து பேக்கர்ஸ்ஃபீல்ட் வெயிலில் தகரக் கதவு தொட்டால் சுட்டது. உள்ளே ஏர் கூலர் ஓடிக்கொண்டிருந்தது. தையல் மெஷின் மோட்டாரை வைத்து அவளே செய்த யந்திரத்தில் தலைமுடியைவிட மெல்லிய செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் ஒரே பாண்டில் எட்டு வருஷம் வாசித்தவர்கள். அவளுடைய மகளுக்கு ஞானஸ்நானத்தில் இவன்தான் ஞானத்தகப்பன். பிள்ளையின் ஞானத்தகப்பனை அவர்கள் வீட்டில் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வாய்யா கொம்பாத்ரே. பத்து வருஷமா வரேன் வரேன்னியே, இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?"

"வெயிலுக்கு ஒதுங்கினேன்."

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? நோரீன் சோறு போடலையா?"

அவன் சிரித்து வைத்தான். அவள் மூன்று பழைய தகர டப்பாக்களை மேஜையில் வைத்தாள். ஒன்றில் அவரைக்கொட்டைப் படம், ஒன்றில் சோளம், ஒன்றில் மிளகாய். ஒவ்வொன்றிலும் ஒரு கிடாருக்கு வேண்டிய மூன்று பிக்கப். எதில் என்ன காந்தம், எத்தனை சுற்று என்று முன்கூட்டிச் சொல்லமாட்டாள். "பேரைச் சொன்னா காது லீவு போட்டுடும், வாய்தான் பேசும்" என்பது அவள் கட்சி.

"மாட்டிப் பாப்போம். ஆனா பிக்கப்போட உயரம் மட்டும் இப்ப இருக்கிறபடியே இருக்கட்டும்" என்றான் ராய்ஸ். "அது நான் என் கையால திருகித் திருகி வச்சது. அதுல கை வைக்காத."

"உத்தரவு மகாராஜா" என்று அளவுகோலை எடுத்துத் தந்திக்கும் காந்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொண்டாள். குறிக்கும்போது புருவம் ஒரு தரம் உயர்ந்தது. வாடிக்கையாளன் கை வைக்காதே என்றால் அவள் வைக்கமாட்டாள், அதில் அவளுக்கு ஒரு ரோஷம்.

முதலில் அவரை டப்பா. மெல்லிய தந்திகள் சோள ரொட்டியின் ஓரம் மாதிரி மொறுமொறுவென்று பேசின. வேறொரு நாளாக இருந்தால் அங்கேயே மயங்கியிருப்பான். தடித்த தந்திக்கு வந்து விரலை மேலே ஏற்றினான். நடுங்கியது. முன்னைவிட மோசமாக நடுங்கியது.

"எப்படி?" என்றாள்.

"பாக்கலாம். அடுத்தது போடு."

சோளத்திலும் அதே நடுக்கம். மிளகாய் டப்பாவிலிருந்து வந்தவை சாதுவானவை, சத்தம் குறைச்சல், மினுக்கம் இல்லை. ஆனால் நடுக்கம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. தண்ணீரில் தத்தளிக்கிறவனுக்குத் துரும்பு கிடைத்த கதைதான்.

"இதையே எடுத்துக்கிறேன்."

செலோ ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். "இதையா? இது சர்ச்சுல மெதுவா வாசிக்கிறவங்களுக்குச் சுத்தினது. நீ ஆயில்டேல்ல குடிகாரங்க காலை ஆட வைக்கிற ஆளு. என்ன கேட்டுட்டு இதை எடுக்கிற?"

"பிடிச்சிருக்கு."

"பொய். பிடிச்சா உன் கால் தாளம் போடும். இன்னைக்கு மூணுக்கும் போடல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்த மாதிரி மூணு செட்டையும் குறை சொல்ல வந்தியா?"

அந்தப் பழமொழி அவன் நெஞ்சில் சரியாகப் போய்த் தைத்தது. அவன் ஐந்து மாதமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதானே. கிடாரை மடியில் படுக்கவைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினான். டெல்மர், டாக்டர், செவ்வாய்க்கிழமை எழுதிய செய்தி. "கூடம் கோணல் இல்ல செலோ. எனக்குத்தான் ஆட்டம் மறந்துபோச்சு. காது போச்சு. ஒரு தந்தி ரெண்டா கேக்குது" என்றான்.

செலோ ஆறுதல் சொல்லவில்லை. "கிடாரை இங்க குடு" என்றாள். வாங்கி, தடித்த தந்தியில் மேல் மெட்டைப் பிடித்து ஓங்கி ஒரு மீட்டு மீட்டினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். மறுபடி மீட்டினாள்.

"எனக்கும் ரெண்டாத்தான் கேக்குது."

ராய்ஸ் அவள் முகத்தையே பார்த்தான். "நெசமாவா?"

"உன்னைத் தேத்தறதுக்குப் பொய் சொல்ற ஆளா நான்? நடுங்குதுய்யா. நல்லாவே நடுங்குது."

அவளுக்கும் கேட்கிறது. அப்படியானால் நடுக்கம் வெளியே இருக்கிறது, தன் மண்டைக்குள் இல்லை. அதற்கு மேல் யோசிக்க அவனால் முடியவில்லை.

அவளோ கிடாரைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி மெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு ஓர் ஐந்து சென்ட் காசைத் தந்திக்கும் காந்தத்துக்கும் நடுவில் நுழைத்துப் பார்த்தாள். காசு நுழையவில்லை.

"அளக்கும்போதே ஒரு சந்தேகம் வந்துச்சு. கை வைக்காதன்னியேன்னு சும்மா இருந்தேன். காந்தம் தந்தியை முத்தம் குடுக்கிற தூரத்துல நிக்குதுய்யா. தந்தி இரும்பு. அதிரும்போது இது கீழ பிடிச்சு இழுக்குது. இழுபடுற தந்தி எப்படி ஒரு சுருதில நிக்கும்? விரல் மேல ஏற ஏறத் தந்தி இன்னும் கிட்ட வரும், இன்னும் இழுக்கும். மிளகாய்ல இருக்கிறது வலு குறைஞ்ச காந்தம். அதான் அதுல கம்மியா நடுங்குச்சு. எப்பலேர்ந்து திருகி ஏத்திக்கிட்டிருக்க?"

"பிப்ரவரி. டிரம்முக்குப் புது ஆள் வந்தான்ல, அவன் அடிக்கிற அடியில என் சத்தமே எனக்குக் கேக்கல. சரி, காது மந்தமாகுது போலன்னு பிக்கப்பைக் கொஞ்சம் ஏத்தினேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம்."

"நடுக்கம் எப்ப ஆரம்பிச்சுது?"

"அதுவும் பிப்ரவரிதான்" என்றான் ராய்ஸ். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவன் அந்தப் பேயைத் தன் கையாலேயே வாரத்துக்குக் கால் திருகு ஏற்றி வளர்த்திருக்கிறான்.

செலோ மறுபடி அவரைப் பிக்கப்புகளை மாட்டி, திருகுகளை எதிர்ப்பக்கம் திருப்பினாள். இரண்டு காசு ஒன்றின்மேல் ஒன்றாகத் தாராளமாக நுழைகிற வரை இறக்கினாள். "இப்ப வாசி."

அவன் விரலை மேலே ஏற்றி மீட்டினான். தந்தி நடுங்கவில்லை. மேல் மெட்டில் பிடித்த சத்தம் ஒன்றாக எழுந்து, ஒன்றாக நின்று, ஒன்றாகவே அடங்கியது. மறுபடி மீட்டினான். பத்துத் தடவை மீட்டியிருப்பான். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

"இந்தத் தடவை கூடம் கோணல்தான்யா" என்றாள் செலோ. "கோணலாக்கினதும் நீதான்."

அவன் சிரித்தான். அழுதுகொண்டே சிரிக்கிறவனைப் பார்க்கச் சகிக்காது என்று அவள் ஃப்ரிட்ஜிலிருந்து குடிக்கச் சர்க்கரை போட்ட புளித் தண்ணீர் எடுத்துவரப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவன் உண்மையாகவே பிக்கப் பார்க்க ஆரம்பித்தான். பத்து வருஷ ஆசையை ஒரே மத்தியானத்தில் தீர்த்துக்கொண்டான். அவரை டப்பா கொஞ்சம் வாயாடி. மிளகாய் சாது. சோளத்துக்கு வந்ததும், பழைய ஜூக்பாக்ஸ் பெட்டியிலிருந்து வருகிற மாதிரி கணீரென்று, ஆனால் காதைக் குத்தாமல் வந்தது. வாசிப்பை நிறுத்தினால் பின்னால் லேசாக ஒரு ரீங்காரம் வேறு.

"இரைச்சல் இருக்கே. அது இல்லாத வகையும் சுத்தித் தரேன், வேணுமா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும். அதுவும் கேக்கட்டும்."

அவனுடைய வலது கால் தன்பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. செலோ அதைப் பார்த்துவிட்டு மற்ற இரண்டு டப்பாக்களையும் அலமாரியில் ஏற்றினாள்.

அவன் செல்போனை எடுத்து, செவ்வாய்க்கிழமை எழுதியதை அழித்தான். அழித்த கையிலேயே போன் அடித்தது. நோரீன், அவள் வேலை பார்க்கும் கேரட் பாக்கிங் ஷெட்டிலிருந்து. பின்னால் யந்திரங்கள் கடகடத்தன.

"என்ன, பிக்கப் கிடைச்சுதா? இங்க ஒரே இரைச்சல்ங்க. நான் பேசறது கேக்குதா?"

ராய்ஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். அந்தக் கடகடப்புக்கு நடுவில் அவள் குரலைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொண்டான்.

"ஹலோ, கேக்குதா உங்களுக்கு?"

"கேக்குது நோரீன்" என்றான். "எனக்கு நல்லாவே கேக்குது."