பெண் இல்லாத வீட்டுச் சிவப்புப் பானை

தொடோசியா வெட்டிய புல்லை வெயிலுக்குப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தபோது, வரைபடச் சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு கவ்ரிலா வந்து நின்றான். போயேனி கிராமத்து ஊராட்சித் துணைத் தலைவன் அவன். பாரம்பரியம் பார்க்க வரும் சுற்றுலாப் பேருந்து எந்தத் தெருவில் போகவேண்டும் என்று கோடு போடும் வேலை அவன் கையில் இருந்தது. ஒரு பென்சில் துண்டுக்கு அந்தக் கோடைகாலம் முழுக்க ஊரே கும்பிடு போட்டது.

"அக்கா, எல்லா வீட்டுலயும் பானை ஏறிடுச்சு. உங்க மரம்தான் மொட்டையா நிக்குது."

"பொண்ணு இல்லாத வீட்டு மரம் மொட்டையாத்தான் நிக்கும் தம்பி."

அந்த மலைப்பக்கத்து வழக்கம் அது. கிளை தறித்த மரம் ஒன்றை வாசலில் நட்டு, வண்ணப் பானைகளைக் கவிழ்த்து மாட்டுவார்கள். உச்சியில் சிவப்புப் பானை இருந்தால் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள், பெண் கேட்டுப் படியேறலாம் என்று பொருள். பெண்ணைக் கொடுத்த அன்றே சிவப்பு இறங்கிவிடும்.

"இதையெல்லாம் இப்ப யாரு பாக்குறா? இயோனாக்கே தாத்தா ஒண்டிக்கட்டை. அவர் வாசல்லயே சிவப்பு தொங்குது."

"யாருக்கு மாப்பிள்ளை தேடுறாராம்? அவரு ஆட்டுக்கா?"

கவ்ரிலா சிரிக்கவில்லை. "பானை இல்லாத வீட்டுல வண்டி நிக்காது. நான் இந்தப் பென்சில் கோட்டை ஆத்தங்கரைப் பக்கம் இழுத்துட்டேன்னா, நீங்க கட்டி வச்ச வாடகை அறையில எலிதான் படுத்துக்கும்."

இப்படித்தான் அவன் வீடு வீடாகச் சொல்லி வந்தான். சொன்னபடி கேட்டு, ஒரு புட்டி பிளம் சாராயமும் கொடுத்தவன் வீடு வழித்தடத்தில் ஏறியது. முறைத்தவன் வீடு இறங்கியது. தொடோசியாவின் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. பனி விழுமுன் பலகை மாற்ற, அந்த அறை வாடகையைத்தான் அவள் நம்பியிருந்தாள்.

அவள் மகள் அனுட்சா ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெர்ரி பறிக்கப் போய், திரும்பும் வழியில் வேன் கவிழ்ந்து செத்துப்போனாள். கல்யாணமாகாமல் செத்த பெண்ணை அங்கே மணக்கோலத்தில்தான் அடக்கம் செய்வார்கள். வெள்ளை உடுத்தி, தலையில் பூமுடி வைத்து, மண்ணுக்குக் கட்டிக்கொடுப்பார்கள். அன்றுதான் தொடோசியா சிவப்புப் பானையை இறக்கினாள். பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் கவ்ரிலாவும் ஒருவன். தெரியாமல் கேட்டானா, என்ன?

மறுநாள் அவள் ஏணி வைத்து ஏறி, சிவப்புப் பானையை மாட்டினாள்.

ஞாயிறு மதியம் பேருந்து வந்தது. வழிகாட்டிப் பெண் பானையின் கதையை அழகாகச் சொன்னாள். தொப்பி வைத்த ஒருவர் தம் மொழியில் என்னவோ சொல்ல, வழிகாட்டி சிரித்தபடி தொடோசியாவிடம் திரும்பினாள். "மணப்பொண்ணு எங்கே, நான் ரெடின்னு சொல்றாரும்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். கவ்ரிலாவும் சிரித்தான்.

தொடோசியா இடுப்பில் கட்டிய முன்துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். "பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு. வாங்க, புகுந்த வீட்டைக் காட்டுறேன்."

அவர்கள் குஷியாகப் பின்னால் போனார்கள். மேட்டு மாதாகோயிலைத் தாண்டி, பெண்ணின் படம் பதித்த ஒரு மரச்சிலுவைமுன் அவள் நின்றாள்.

"இதான் வீடு. மாப்பிள்ளை மண்ணு. நல்லவருதான். ஆனா ஒருநாள்கூடத் தாய்வீட்டுக்கு அனுப்ப மாட்டேங்குறாரு."

வழிகாட்டி ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தாள். சொல்லி முடித்ததும் தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். சிலர் அழுதார்கள். கவ்ரிலா தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். முடியவில்லை, கண்ணுகளா. அந்த வாரமே சுற்றுலா நிறுவனத்து மேலாளர் அம்மாள் கவ்ரிலாவுக்குப் போன் செய்தாள்.

"அந்தம்மா அசத்திட்டாங்க சார்! வந்தவங்க அதையேதான் பேசிட்டிருக்காங்க. கல்லறையையும் வழித்தடத்துல சேத்துடுங்க. வாராவாரம் அதே மாதிரி சொல்லட்டும். கொஞ்சம் அழுதா இன்னும் நல்லது."

கவ்ரிலாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் போனான், வீடு வீடாகப் போய்ப் பழகிய கால். தொடோசியா சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு அவள் திட்டவில்லை. அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

"முதல்ல பொய்யைத் தொங்கவிடச் சொன்னே, தொங்கவிட்டேன். இப்ப நிஜத்தையும் தொங்கவிடச் சொல்றே. கூரை ஒழுகுது தம்பி. நான் சரின்னு சொன்னாலும் சொல்லிடுவேன். அதான் எனக்குப் பயம்."

"அக்கா..."

"இந்த வாரம் அழுவேன். அடுத்த வாரமும் அழுவேன். அப்புறம் பேருந்துச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு அழுகையே வரும். அன்னைக்குத்தான் எம் பொண்ணு நிஜமாச் செத்துப்போவா."

களி ஆறிக்கொண்டிருந்தது. கவ்ரிலா எழுந்து வெளியே போய், மேலாளருக்குப் போன் போட்டு, முடியாது என்றான். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. "பரவாயில்ல சார். கல்லறை எந்த ஊர்லதான் இல்ல? பக்கத்துப் பள்ளத்தாக்குல கேட்டுக்கறோம்" என்று வைத்துவிட்டாள்.

போயேனிக்குப் பேருந்து வருவது நின்றுபோனது. தொடோசியாவின் அறை காலியாகக் கிடந்தது. முதல் பனி ஒழுகும் கூரைமேலேயே விழுந்தது. கவ்ரிலாவின் சொந்தத் தங்கையே அவன் முகத்தில் கதவைச் சாத்தினாள். ஊராட்சிக் கூட்டத்தில் எல்லோரும் அவனைப் பிய்த்தெடுத்தார்கள்.

"ஒருத்தி கண்ணீருக்காக ஊர் சோத்துல மண்ணைப் போட்டுட்டியே!" என்று கத்தினார் இயோனாக்கே கிழவர். "பேருந்து இனி எப்ப வரும்? அதைச் சொல்லு!"

கவ்ரிலா எழுந்து நின்றான்.

"வரட்டும் தாத்தா, வரவேணாம்னா சொன்னேன்? வர்றவங்களுக்கு நாம வாழுறதைக் காட்டுவோம். காசுக்காக, நாம வாழாததைக் காட்டப் போனோம். அதான் இன்னைக்கு ஒரு தாயோட துக்கத்துக்கே நேரம் குறிச்சுக் குடுக்கச் சொல்றாங்க. பாரம்பரியத்தை விக்க ஆரம்பிச்சவன் அதோட நிக்க மாட்டான் தாத்தா. பெத்தவ கண்ணீருக்கும் விலை கேப்பான். நானே போய்க் கேட்டேனே!"