பச்சை பூசிய சைக்கிள்

வெள்ளிக்கிழமை பின்னேரம், தேயிலைத் தோட்டத்தில் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக் கொட்டகையில் ஆறு பேர் இருந்தோம். தொழிற்சங்கத் தலைவர் கன்னையா, கொழுந்து நிறுக்கும் தராசுக்குப் பக்கத்து நீள வாங்கின் நடுவில் உட்கார்ந்திருந்தார். நடுவில் உட்கார்ந்ததால் அந்த வாங்கில் வேறு யாரும் உட்காரவில்லை. பெல்மதுளையில் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கும் ஸம்சுதீன் நானா வெளியூர்க்காரர் என்பதால், இருந்த ஒரே பிளாஸ்டிக் கதிரை அவருக்குப் போனது. தொழிற்சாலையில் மெசின் வேலை பார்க்கும் யோகராஜ், கவிழ்த்த கூடை ஒன்றின்மேல் தூணில் சாய்ந்திருந்தான். அவன் தங்கச்சி கோகிலா வாசற்படியில். பக்கத்து வீட்டுத் தங்கம்மா அவளுக்குப் பின்னால், சாக்கு விரித்துத் தரையில். கடிதம் எழுதக் கூப்பிட்டிருந்ததால் எனக்கு மேசை கிடைத்தது.

பேச்சுக்குக் காரணமான சைக்கிள் அங்கே இல்லை. அது தோட்டத்துக் களஞ்சிய அறையில் பூட்டிக் கிடந்தது.

அது மவுண்டன் பைக் என்று சொல்லப்படும் வகை. தடித்த டயர், முன்சில்லுக்கு மேலே ஸ்பிரிங், ஹேண்டிலின் இரண்டு பக்கமும் கியர் மாற்றும் பிடி. மாவனல்லைக்காரரான றினாஸ் என்ற வெளிக்கள உத்தியோகத்தர் இங்கே வேலைக்கு வந்தபோது கொண்டுவந்தது. கொஞ்ச நாள் மலைக்கு மலை அதில் போனார். பிறகு மோட்டார் சைக்கிள் வாங்கினார். பிறகு வேலையையே விட்டுவிட்டுப் போனார். சைக்கிள் அவர் இருந்த குவாட்டர்ஸின் பின்பக்கம், பீலித் தண்ணீர் விழும் இடத்தில் சாய்த்தபடியே நின்றது. வருசக்கணக்கில் யாரும் தொடவில்லை. கம்பிகளுக்குள் கொடி ஏறி, பார்த்தால் வேலியின் ஒரு பகுதிபோல் இருந்தது.

ஓப்பநாயக்கவில் ஹபீலா நடத்தும் பேக்கரியில் கோகிலாவுக்கு வேலை கிடைத்த பிறகுதான் அதன்மேல் கண் போனது. காலைப் பாண் கடைகளுக்குப் போக வெளிக்கிடும் நேரத்துக்கு அவள் அங்கே நிற்க வேண்டும். முதல் பஸ் அதற்குப் பிறகுதான் சந்திக்கு வரும். முச்சக்கர வண்டிக்குக் கொடுத்தால் வீட்டுக்குக் கொண்டுவர ஒன்றும் மிஞ்சாது. எனவே அண்ணனும் தங்கச்சியும் கொடியை அறுத்து அதை வெளியே இழுத்தார்கள். கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை என்பதால் யாரிடமும் கேட்கவில்லை.

சங்கிலி துருவேறி வளையாத கம்பாகியிருந்தது. அதை எறிந்து புதியது போட்டார்கள். தடித்த டயர் தார் ரோட்டில் மிதிக்கிறவர் காலை ஓயவைத்துவிடும் என்று ஸம்சுதீன் நானா சொன்னதால், ஒல்லியான, வழவழப்பான டயர் மாட்டினார்கள். முன்பக்கத்துப் பற்சக்கரங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழற்றினார்கள். பின்பக்கத்துக் கியர்களை விட்டுவைத்தார்கள், திரும்பி வரும் ஏற்றத்துக்கு அவை வேண்டும். ஸ்பிரிங் இறுகிப்போயிருந்தது. ஆடாமல் இருப்பதே நல்லது என்று அதை அப்படியே விட்டார்கள். நானா கடையில் கிடந்த பழைய லேடீஸ் சைக்கிளிலிருந்து மட்காட், சாமான் வைக்கும் கரியல், மணி. பிரேக் ரப்பர் மட்டும் கடையிலேயே விலை கூடினது. இறக்கத்தில் உயிர் அதில்தான் இருக்கிறது என்றான் யோகராஜ்.

துருவோடு அவள் அதில் வேலைக்குப் போய் வந்த நாட்களில் தோட்ட வாசல் தடைக்கம்பத்து வாச்சர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மழைக்காலம் வருகிறது, இரும்பை இப்படியே விட்டால் தின்றுவிடும் என்று யோகராஜ் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் அடித்தான். நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கதவுகளுக்குத் தோட்டம் அடித்தபோது மிஞ்சிய பச்சை. அந்தப் பச்சையில் ஒரு சுண்டு, அரைச் சுண்டு இல்லாத வீடு எங்கள் லயத்தில் இல்லை. தோட்டத்துத் தராசு, ஏணி, தடைக்கம்பம் எல்லாவற்றுக்கும் அதே பச்சைதான். திங்கட்கிழமை விடியற்காலை வாச்சர் டோர்ச் அடித்துப் பார்த்து, “மேக வத்தே படு” என்றாராம். சிங்களத்தில் இது தோட்டத்துச் சாமான் என்று அர்த்தம். கேட் பாஸ் கேட்டார். இல்லை. சைக்கிள் உள்ளே போனது, கோகிலா நடந்து போனாள்.

அந்தக் கிழமை முழுவதும் அவள் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தாள். அடுத்த கிழமை முடியும்வரை பார்ப்பேன், அதற்குப் பிறகு வேறு பிள்ளையை எடுப்பேன் என்று ஹபீலா சொல்லிவிட்டார். சைக்கிள்காரர் கையெழுத்தோடு கடிதம் தந்தால் விடுவேன், இல்லாவிட்டால் தோட்டத்துக் கணக்கில் சேர்ப்பேன் என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியிருந்தார்.

கன்னையாவுக்கு முதலில் யோகராஜின்மேல்தான் கோபம்.

“ஒனக்கு வேற கலரே கெடைக்கலையாடா? கோயிலுக்கு அடிச்ச மஞ்ச மிச்சம் இருந்துச்சே.”

“மஞ்ச அடிச்சிருந்தா கோயில் சைக்கிளுன்னு நீங்களே புடிச்சி வச்சிருப்பீங்க தலைவரே” என்றாள் தங்கம்மா. “பச்சையெல்லாம் தோட்டத்துதுன்னா என் கோழிக்கூட்டையும் வந்து தூக்கிக்கிட்டுப் போகச் சொல்லுங்க. முட்டைக்கும் பாஸ் கேப்பாங்க போல.”

துரைக்குக் கண்டனக் கடிதம் எழுத வேண்டும் என்பது கன்னையாவின் யோசனை. அப்படி எழுதினால் பெயின்ட் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும், யோகராஜின் வேலைக்கு ஆபத்து என்று நான் சொன்னேன். யோகராஜ் தரையைப் பார்த்தான். றினாஸுக்குத்தான் எழுத வேண்டும் என்று முடிவானது. அவருடைய பழைய நம்பர் இப்போது வேறு யாரிடமோ. ஸம்சுதீன் நானாதான் வழி சொன்னார்.

“அவர்ட மாமாட கட மாவனல்லையில ஈக்கி. அந்த விலாசத்துக்குப் போட்டா கைக்குப் போகும்.”

அதற்குப் பிறகுதான் கன்னையா யோசித்தார். இப்போது சைக்கிள் நல்ல சைக்கிள். உள்ளபடி எழுதினால் அந்த மனிசனுக்கு ஆசை வரும். கவனிப்பாரற்றுக் கிடந்த துருப்பிடித்த இரும்பு என்று எழுதினால் ஒரு வரியில் கொடுத்துவிடுவார். எனக்கும் அது சரியாகப் பட்டது. அப்படியே எழுதி வாசித்தேன்.

கோகிலா வாசற்படியில் இருந்தபடியே திரும்பினாள். “அது வேணாங்க அக்கா” என்றாள்.

“ஏன்?” என்றேன்.

“நாளைக்கு அவரு இந்தப் பக்கம் வந்தாருன்னா? நான் தெனமும் மெயின் ரோட்டுலதானே போகணும். பழைய இரும்பு எதுன்னு கேட்டா எதைக் காட்டுறது? ஒருக்கா கேக்காம எடுத்தாச்சு. இப்ப கேக்குறதையாவது ஒழுங்காக் கேப்போம்.”

“அவரு வேணும்னுட்டா?” என்றான் யோகராஜ்.

“குடுக்கணும்.”

“ஒன் வேலை?”

அவள் படியிலிருந்து எழுந்து மேசைக்கு வந்தாள்.

“குடுக்கிறப்ப டயரையும் சங்கிலியையும் கழட்டிக்குவோம். அது நானா கடையில நாம வாங்குனது. அதையும் எழுதிருங்க அக்கா.”

ஸம்சுதீன் நானா சிரித்தார். கன்னையா சிரிக்கவில்லை, இந்தப் பிள்ளைக்குத் தலைவர் தேவையில்லை என்று மட்டும் சொன்னார்.

புதிய தாள் எடுத்தேன். சைக்கிள் உங்களுடையது. உங்களிடம் கேட்காமல் எடுத்தோம். இன்னின்ன சாமான் மாற்றி, இப்போது ஓடும் நிலையில் இருக்கிறது. வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளலாம், நாங்கள் வாங்கிப் போட்டவற்றைக் கழற்றிக்கொள்வோம். வேண்டாமென்றால் கோகிலாவுக்குக் கொடுத்ததாக ஒரு வரி எழுதிக் கையொப்பம் இட்டு அனுப்புங்கள். அடுத்த கிழமை முடிவதற்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும். நிறத்தைப் பற்றி எழுத வேண்டாமென்று யோகராஜ் கேட்டான். கோகிலா அண்ணனைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். நான் எழுதவில்லை.

அவள் கையெழுத்துப் போட்டாள். பதிலுக்காக எங்கள் விலாசம் எழுதி முத்திரை ஒட்டிய வெற்று உறை ஒன்றை மடித்து உள்ளே வைத்தேன்.

மறுநாள் விடியுமுன் நடந்து போய், பேக்கரியில் பாண் அடுக்கிவிட்டு, ஹபீலாவிடம் கொஞ்ச நேரம் கேட்டு அவள் தபாற் கந்தோருக்கு வந்தாள். நான் பஸ்ஸில் போய் அங்கே நின்றேன். பதிவுத் தபால் என்று சிங்களத்தில் கேட்டு, உறையை என்னிடம் வாங்கி, விலாசத்தை இன்னொரு தடவை அவளே வாசித்துப் பார்த்தாள். கவுண்டரில் இருந்த பசையைத் தடவி, ஓரத்தைப் பெருவிரலால் அழுத்தி ஒட்டி உள்ளே நீட்டினாள். உத்தியோகத்தர் முத்திரை குத்தி, மாவனல்லைப் பக்கத்துப் பையில் போட்டார்.