ஊமச்சிக்குள் ஓர் அறை

பவளப்பாறையின் அடியில் ஒட்டியிருந்த ஊமச்சி என்னும் குட்டி நத்தை ஓடுகளில்தான் அந்தக் கரைக்காரர்கள் குடியிருந்தார்கள். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய ஓடு. உள்ளே சுருள் சுருளாக அறைகள் போகும். கடைசி அறையில் ஆள் நிமிர முடியாது; கருவாட்டுப் பானையை வைத்துக்கொள்ளலாம்.

வீட்டின் பெயரே ஊமச்சி என்பதால் உள்ளே யாரும் பேசுவதில்லை. கடல் வற்றும்வரை பொறுத்திருந்து, பாறைமேல் ஏறித்தான் பேச வேண்டும். கல்யாணப் பேச்சு, பங்காளிச் சண்டை எல்லாம் அங்கேதான். பேசியதையெல்லாம் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும்.

தஸ்நேவிஸுக்கு நிறைமாதம். பிள்ளையைக் கிடத்த இடமில்லை. ஓட்டைக் கொஞ்சம் இழுத்துக் கட்டச் சொல்லிப் பாறைமேல் வைத்துப் புருஷன் தொம்மையை நச்சரித்துவிட்டாள். ஊமச்சியை யாரும் கட்டியதில்லை, அதுவாக வளர்ந்தால்தான் உண்டு என்று அவன் தலையைச் சொறிந்தான். பக்கத்து ஓட்டு மைனி, கருவாட்டுப் பானையிலேயே கிடத்தலாம், பிள்ளை வளர வளர வாடை போய்விடும் என்று யோசனை சொன்னாள்.

அன்று கடல் ஏறிக் கிடந்தது. வெளியே போக வழியில்லை. தொட்டில் கட்டத் தொம்மை கயிறு கொண்டுவந்திருந்தான். தூண்டில் கயிறு, முள்ளோடு. தஸ்நேவிஸ் கயிற்றைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், வாயைப் பொத்திப் பார்த்தாள். முடியவில்லை.

“நீரு பிள்ளைக்குத் தொட்டில் கட்டுதீரா, இல்ல பிள்ளையக் கோத்துச் சீலா மீனுக்கு வீசப் போறீரா?”

தொம்மை பதறி வாசலைப் பார்த்தான். வாசல் விளிம்பில் பாலாடைபோல வெள்ளையாக ஒரு வரி படிந்திருந்தது. தடவினான். சுண்ணாம்பு. ஈரம் காயவில்லை. அவள் பேசிய பேச்சுக்கு ஓடு அந்த அளவு வளர்ந்திருந்தது.

“ஏட்டி, நிறுத்தாத. எங்க ஆத்தாளையும் சேத்து வையி.”

அவள் வைதாள். மாமியாரில் தொடங்கி, கல்யாணத்தன்று அவன் சட்டையைத் திருப்பிப் போட்டு வந்தது வரைக்கும் வைதாள். ஓடு வளைந்து வளைந்து நீண்டது. வசவு தீர்ந்ததும் பேச்சு வந்தது. பிள்ளைக்கு என்ன பெயர், யார் சாடை வரும் என்று. அந்தப் பேச்சுக்குச் சுவர் வழவழவென்று, தவிட்டுநிறக் கோடுகளோடு வந்தது. பக்கத்து ஓட்டில் மைனியும் தன் புருஷனை வையத் தொடங்கியது கேட்டது.

கடல் வற்றுவதற்குள் பெண் பிள்ளை பிறந்தது. புது அறையில் தாராளமாகக் கிடத்தினார்கள். அது வாயைத் திறந்து ஓர் அழுகை அழுதது. அந்த ஒற்றை அழுகைக்கு, அந்தக் கரையில் யாரும் பார்த்திராத அளவில் இன்னோர் அறை விரிந்தது. தொம்மை எட்டிப் பார்த்தான். உள்ளே ஒரு கடல்பசு கன்றோடு படுத்திருந்தது.

தஸ்நேவிஸ் செம்பைக் கொடுத்து, கன்று குடித்ததுபோக மிச்சத்தைக் கறந்து வரச் சொன்னாள்.